‘நேற்று’ என்று ஏபிஐயிடம் கேட்பது: பவர் குவெரி பற்றி ஒரு பயனரின் மதிப்பீடு

காலை ஐந்து மணிக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும் ஓர் அறிக்கை, எட்டரை மணிக்கு மேலாளர் அதைத் திறக்கும்போது நேற்றைய கணக்கைக் காட்ட வேண்டும். கேட்பதற்கு இது மிக எளிய எதிர்பார்ப்பு. ஆனால் அந்த ‘நேற்று’ ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருப்பது. அதை யாரும் கையால் தட்டச்சு செய்யாமல், மென்பொருளே கணக்கிட்டு, வெளியில் இருக்கும் ஒரு ஏபிஐக்கு (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்டு வாங்கும் வழி) புரியும் வடிவில் எழுதி அனுப்ப வேண்டும். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு இத்தகைய அறிக்கைகளைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை என்பதால், ஆர்டர், நூல் இருப்பு, டிஸ்பாட்ச் என்று எதை எடுத்தாலும் ‘எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை’ என்று ஏபிஐ கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே என் உழைப்பில் கணிசமான பங்கு போகிறது. இந்த ஒரு காரியத்தை, வெளித் தரவை எடுத்து ஒழுங்குபடுத்தும் மைக்ரோசாஃப்ட்டின் பவர் குவெரி எவ்வளவு நம்பகமாகச் செய்து தருகிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். வரைபடங்கள், வண்ணங்கள், டேஷ்போர்டின் தோற்றம் ஆகியவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள்.

பவர் குவெரி 2013இல் எக்செலுக்கான கூடுதல் இணைப்பாக வந்தது. எக்செல் 2016 முதல் அது எக்செலுக்குள்ளேயே இடம்பெற்றது. 2015 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த, அறிக்கைகள் தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் தரவு உள்ளே வரும் வாசலே இதுதான். திரையில் நாம் சொடுக்கும் ஒவ்வொரு செயலும் அடியில் ‘எம்’ என்ற மொழியில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. ‘அட்வான்ஸ்டு எடிட்டர்’ என்ற சாளரத்தைத் திறந்தால் அந்த வரிகளை நேரடியாகத் திருத்தலாம். நகரும் தேதி விஷயத்தில் அந்தச் சாளரத்தைத் திறக்காமல் வேலை முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திரையில் கிடைக்கும் வசதி பாதி வழி வரைதான் வருகிறது. ‘வெப்’ என்ற இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் யூஆர்எல்லை (இணைய முகவரியை) துண்டு துண்டாகக் கொடுக்கலாம். அவற்றில் ஒரு துண்டைப் பாராமீட்டராகவும் வைக்கலாம். ஆனால் பாராமீட்டர் என்பது ஒருவர் கையால் மாற்றும் வரை அப்படியே நிற்கும் மதிப்பு. ‘நேற்று’, ‘சென்ற மாதத்தின் முதல் தேதி’ என்று அங்கே தேர்ந்தெடுக்க இடமில்லை. மாறாக, தரவு வந்து சேர்ந்த பிறகு தேதிப் பத்தியின் வடிகட்டியில் முந்தைய நாள், முந்தைய வாரம், முந்தைய மாதம் என்று எல்லாமே வரிசையாக இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்ததும் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ்க்யூஎல் தரவுத்தளமாக இருந்தால் அந்த நினைப்பு சரியே, ஏனெனில் அந்த வடிகட்டியை பவர் குவெரி தரவுத்தளத்துக்கே அனுப்பி, வேண்டிய வரிகளை மட்டும் வாங்கி வரும். சாதாரண வெப் ஏபிஐயிடம் அது நடக்காது. முழுத் தரவும் இறங்கிய பின்னரே வடிகட்டல் தொடங்கும். ஒரு குடம் தண்ணீருக்காகக் கிணற்றையே இறைத்து வாசலில் கொட்டுவதற்கு ஒப்பானது அது. ஏபிஐ ஒரு முறைக்கு இவ்வளவு வரிகள்தான் தருவேன் என்று வரம்பு வைத்திருந்தால், கொட்டிய தண்ணீரில் நமக்கு வேண்டிய குடம் இல்லாமலும் போகலாம்.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தின் நிலநடுக்க ஏபிஐ. ஏபிஐ சாவி (அடையாளக் குறியீடு) வேண்டாம், பதிவு வேண்டாம், கட்டணமும் இல்லை. அது ‘ஸ்டார்ட்டைம்’, ‘எண்ட்டைம்’ என்று இரண்டு தேதிகளை ஐஎஸ்ஓ 8601 (ஆண்டு-மாதம்-நாள் என்ற உலகத் தர) வடிவில் வாங்கிக்கொள்கிறது. நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் யூடிசி (உலகப் பொது நேரம்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்றே எடுத்துக்கொள்ளும். தொடக்கத் தேதியே கொடுக்காவிட்டால் கடந்த 30 நாள்களைத் தரும். ஒரே கேள்விக்கு 20,000 பதிவுகளுக்கு மேல் விடை வருமானால் 400 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். தேதி வரம்பு இல்லாமல் நெடுங்காலத் தரவை அதனிடம் கேட்கவே முடியாது.

அட்வான்ஸ்டு எடிட்டரில் எழுத வேண்டியவை சில வரிகளே. இப்போதைய நேரத்தை எடுக்க வேண்டும், அதிலிருந்து தேதியை மட்டும் பிரிக்க வேண்டும், ‘டேட்.ஆட்டேஸ்’ என்ற செயற்கூற்றால் (ஃபங்ஷனால்) ஒரு நாளைக் கழிக்க வேண்டும், கிடைத்த தேதியை எழுத்துச்சரமாக (டெக்ஸ்ட்டாக) மாற்ற வேண்டும், பிறகு ‘வெப்.கன்டென்ட்ஸ்’ என்ற செயற்கூற்றிடம் அதைக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிச் செயற்கூறுதான் இந்தத் தயாரிப்பின் பலமும், பலர் தடுக்கி விழும் இடமும். அதற்கு முதலில் இணையதளத்தின் அடிப்படை முகவரியை மட்டும் கொடுக்க வேண்டும். அடுத்து வரும் சதுர அடைப்பில் ‘ரிலேட்டிவ்பாத்’ என்ற இடத்தில் முகவரியின் மீதிப் பாதையையும், ‘குவெரி’ என்ற இடத்தில் கேள்விக்குறிக்குப் பின் வர வேண்டிய ஒவ்வொரு பெயரையும் அதன் மதிப்பையும் தனித்தனியே எழுத வேண்டும். மதிப்புகளைத் தேதியாகவோ எண்ணாகவோ வைத்தால் ஏற்காது. எழுத்துச்சரமாக மாற்றியே வைக்க வேண்டும். இப்படி எழுதினால், யூஆர்எல்லில் நேரடியாக வரக்கூடாத குறிகளை அதுவே பாதுகாப்பான வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். இது சிறிய உதவி அல்ல. இந்திய நேரத்தைக் குறிக்க நேரத்தின் வாலில் ‘+05:30’ என்று சேர்த்து யூஆர்எல்லைக் கையால் ஒட்டியவர்களுக்குத் தெரியும்: அந்தக் கூட்டல் குறியைப் பல சர்வர்கள் வெற்றிடமாகப் படித்துவிட்டு, தேதியின் வடிவம் தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். ‘குவெரி’ வழியாக அனுப்பும்போது அந்தத் தொல்லை வருவதே இல்லை.

பலர் இந்த முறையைப் பின்பற்றாமல், முகவரியையும் தேதியையும் ‘அண்ட்’ குறியால் ஒட்டி ஒரே நீளச் சரமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். அறிக்கையை பவர் பிஐ இணையச் சேவையில் ஏற்றி, தினசரிப் புதுப்பிப்பை அமைக்கப் போகும்போதுதான், ‘இதில் டைனமிக் டேட்டா சோர்ஸ் இருக்கிறது, ஆகவே புதுப்பிக்க முடியாது’ என்ற அறிவிப்பு எதிரே நிற்கும். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. எந்த முகவரிக்கு எந்தக் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது என்பதை இணையச் சேவை, நிரலை ஓட்டுவதற்கு முன்பே, எழுத்தை மட்டும் படித்துத் தீர்மானிக்கிறது. முகவரியே ஓடும்போதுதான் உருவாகும் என்றால் அதற்கு எதுவும் தெரியாது. அடிப்படை முகவரி நிலையாகவும், தேதி ‘குவெரி’க்குள்ளும் இருந்தால் அதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. காரணம் நியாயமானது என்றாலும், டெஸ்க்டாப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இதை எச்சரிக்காமல், எல்லாம் முடிந்து ஏற்றிய பிறகு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு வாரம் செய்த வேலையை அதன் கடைசி மணி நேரத்தில் பிரித்துக் கட்டிய பலரை நான் அறிவேன். இன்னொரு சிறு குறிப்பும் இங்கே உதவும்: சில ஏபிஐகளின் அடிப்படை முகவரியைத் தனியாகத் தட்டினால் 404 (பக்கம் இல்லை) என்றே வரும்; அப்போது சான்றுகளைச் சேமிக்கும் திரையில் ‘ஸ்கிப் டெஸ்ட் கனெக்‌ஷன்’ என்ற கட்டத்தில் குறியிட்டால் சேவை அந்தச் சோதனையைத் தவிர்த்துவிடும்.

தேதியை எழுத்தாக மாற்றும் இடத்துக்கு வருவோம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத, எம் மொழியில் நான்கு சிறிய ஒய், இரண்டு பெரிய எம், இரண்டு சிறிய டி ஆகியவற்றை இடையில் சிறுகோடு இட்டுக் கொடுக்க வேண்டும். எம் பெரியதாக இருந்தால் மாதம். சிறியதாக இருந்தால் நிமிடம். நேரத்தோடு கூடிய தேதியை வைத்துக்கொண்டு சிறிய எம்மில் எழுதிவிட்டால், ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு ஓடும் அறிக்கை ஏப்ரல் மாதத்தைக் கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு ஓடினால் மே மாதத்தைக் கேட்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனெனில் அனுப்பியது செல்லத்தக்க தேதியே. கூகுள் ஷீட்ஸிலோ சிறிய எம்மே மாதத்தைக் குறிக்கும். ஷீட்ஸுக்கு நிரல் எழுதப் பயன்படும் அதே கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் மீண்டும் பெரிய எம் வேண்டும். அங்கே ஒய்யைப் பெரியதாக எழுதினால் அது நாட்காட்டி ஆண்டாக இல்லாமல் வாரக் கணக்கின் ஆண்டாகிவிடும் (ஆண்டின் கடைசி நாள்களை அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் சேர்க்கக் கூடியது) என்பதால், 2024 டிசம்பர் 30ஆம் தேதி 2025 டிசம்பர் 30 என்று அச்சாகும். வராத நாளுக்கு ஏபிஐ வெற்றுப் பட்டியலைத் தரும், அறிக்கை பூஜ்யம் காட்டும், ஆண்டின் கடைசி நாள்களில் மட்டும் தலைகாட்டும் இந்தப் பிழையை ஜனவரியில் தேடினால் கிடைக்காது. கண்காணிப்பு டேஷ்போர்டுகளுக்கான கிராஃபனாவில் ஒய், எம், டி மூன்றுமே பெரியவை. ஒரே மேசையில் இந்தக் கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள், ஒவ்வொன்றின் வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எம் மொழியில் வடிவத்தோடு ‘கல்ச்சர்’ என்ற இடத்தையும் நிரப்பிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் கணினியின் வட்டார அமைப்பு உள்ளே புகுந்துகொள்ளும். நாம் எழுதிய சாய்கோடுகூட அந்தந்த வட்டாரத்தின் பிரிகுறியாக மாறிவிடும்.

இனி, இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய விஷயம். எம் மொழியில் இப்போதைய நேரத்தைத் தரும் செயற்கூறுகளில் ‘டேட்டைம்.லோக்கல்நவ்’ மிகவும் பிரபலமானது. பெயரே உள்ளூர் நேரம் என்கிறது. என் கணினியில் அது இந்திய நேரத்தைத் தந்தது. நானும் அதை வைத்தே டிஸ்பாட்ச் அறிக்கையை எழுதி ஏற்றிவிட்டேன். பவர் பிஐ இணையச் சேவையில் ‘உள்ளூர்’ என்பது யூடிசி என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்திய நேரம் காலை ஐந்து மணி என்பது யூடிசியில் முந்தைய நாள் இரவு பதினொன்றரை. ஆகவே காலை ஐந்து மணிக்கு ஓடிய அறிக்கைக்கு ‘இன்று’ என்பதே நேற்றாக இருந்தது; அது கேட்ட ‘நேற்று’ முந்தாநாளாக இருந்தது. மேலாளர் ஒவ்வொரு காலையும் முந்தாநாள் கணக்கை நேற்றைய கணக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பிழையின் குணம் கவனிக்கத்தக்கது. யாராவது சந்தேகப்பட்டு என்னிடம் சொன்னால், நான் பதினோரு மணிக்கு அறிக்கையைத் திறந்து ‘ரெஃப்ரெஷ்’ பொத்தானை அழுத்துவேன். அப்போது யூடிசியிலும் இந்தியாவிலும் ஒரே தேதி என்பதால் எண்கள் சரியாகிவிடும். நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்தரை வரையிலான அந்த ஐந்தரை மணி நேரத்தில் ஓடும் புதுப்பிப்புகளில் மட்டுமே பிழை குடியிருக்கிறது. பகலில் பார்க்கப் போனால் மறைந்துவிடுகிறது. புதுப்பிப்பு நேரத்தை அமைக்கும் திரையில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதும், அதில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று நான் தேர்ந்தெடுத்திருந்ததும் எனக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்திருந்தன. அந்தத் தேர்வு எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஓடும்போது மணி என்ன என்று நிரல் கேட்டால் கிடைக்கும் பதிலை அது மாற்றுவதில்லை. கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் டிஸ்பாட்ச் பிரிவின் மேற்பார்வையாளர். டெலிவரி சலான் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “தம்பி, செவ்வாய்க்கிழமை வண்டியே போகலை. இதில் எப்படி நாற்பது பெட்டி காட்டுது?” என்று கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது திங்கட்கிழமையின் கணக்கு. தவறு என்னுடையது, ஆனால் அந்தச் செயற்கூற்றின் பெயரும், நேர மண்டலத் திரையும் சேர்ந்து ஒருவரை அந்தத் தவறுக்கு மிக இயல்பாக அழைத்துச் செல்கின்றன என்பதை ஒரு மதிப்பீட்டில் சொல்லாமல் இருக்க முடியாது.

திருத்தம் எளிது. உள்ளூர் நேரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, ‘டேட்டைம்ஸோன்.ஃபிக்ஸ்டுயூடிசிநவ்’ என்று யூடிசியையே வெளிப்படையாகக் கேட்டு, ‘டேட்டைம்ஸோன்.சுவிட்ச்ஸோன்’ மூலம் ஐந்து மணி, முப்பது நிமிடம் என்று கொடுத்து இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே தேதியைப் பிரிக்க வேண்டும். இந்தியாவில் கோடைகால நேர மாற்றம் இல்லை என்பதால் இந்த எண்களை நிரலில் நிலையாக எழுதிவிடலாம். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அறிக்கை செய்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. சுவிட்ச்ஸோன் மணிக்கணக்கை மட்டுமே வாங்கிக்கொள்கிறது, ‘லண்டன் நேரம்’ என்று சொன்னால் அதற்குப் புரியாது. நேர மண்டலங்களின் பெயரை அறியாத ஒரு மொழி, உலகம் முழுவதும் விற்கப்படும் அறிக்கைக் கருவியின் அடித்தளமாக இருப்பது உண்மையான குறை. ‘ஃபிக்ஸ்டு’ என்று தொடங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண ‘நவ்’ அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த நொடியின் நேரத்தைத் தரும். ஃபிக்ஸ்டு வகை, ஒரு குவெரி ஓடி முடியும் வரை ஒரே நேரத்தையே திருப்பித் தரும். பல பக்கங்களாகத் தரவு இறக்கும் குவெரி நள்ளிரவைத் தாண்டி ஓடினால் இந்த வேறுபாடு தெரியும்.

தேதி சரியாகக் கிளம்பினாலும், எதிர்முனையில் இருப்பவர் அதை எப்படிப் படிக்கிறார் என்பது இன்னொரு கேள்வி, இதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. நிலநடுக்க ஏபிஐயிடம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேற்றைய தேதியையே கொடுத்தால் ஒன்றும் வராது, ஏனெனில் வெறும் தேதி என்பது அங்கே அந்த நாளின் நள்ளிரவு 00:00 மணி. முடிவுத் தேதியாக இன்றைய தேதியைக் கொடுக்க வேண்டும். வானிலைத் தரவு தரும் ஓப்பன்-மீட்டியோவில் முடிவுத் தேதியும் உள்ளடங்கியது என்பதால், அங்கே இரண்டு இடத்திலும் நேற்றைய தேதியைக் கொடுப்பதே சரி. அதே ஓப்பன்-மீட்டியோவில் ‘பாஸ்ட் டேஸ்’ என்ற ஒரு பாராமீட்டர் இருக்கிறது. கடந்த ஏழு நாள் என்று எண்ணாகவே கேட்கலாம். அத்தகைய ஏபிஐ கிடைத்தால் தேதியை நிரலில் கணக்கிடும் வேலையே மிச்சம். ஐரோப்பிய மத்திய வங்கியின் நாணய மாற்று விகிதங்களை எடுப்பவர்கள் வேறொன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த விகிதங்கள் வேலை நாள்களில் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை நான்கு மணி அளவில் வெளியாகின்றன; நமக்கு அது குளிர்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை. ஏற்றுமதி விலைப்பட்டியலுக்காக மதியம் மூன்று மணிக்கு ‘இன்றைய விகிதம்’ என்று கேட்டால் இன்றையது இருக்காது. ஞாயிற்றுக்கிழமையின் விகிதம் எப்போதுமே இருக்காது.

பதிவுகள் பின்னால் திருத்தப்படும் இடங்களில், நேற்றைய ஒரு நாளை மட்டும் கேட்பதே தவறான பழக்கம். நிலநடுக்கத்தின் அளவு முதலில் ஒன்றாக வெளியாகி, ஆய்வுக்குப் பின் மாற்றப்படுவது வழக்கம். எங்கள் டிஸ்பாட்ச் பதிவுகளும் அப்படியே, வண்டி கிளம்பி இரண்டு நாள் கழித்து எடை திருத்தப்படும். ஆகவே ஒவ்வொரு காலையும் கடைசி ஏழு நாள்களைத் திரும்பக் கேட்கிறேன். இங்கேதான் பவர் பிஐயின் ‘இன்கிரிமென்டல் ரெஃப்ரெஷ்’ வசதி உண்மையில் என் மதிப்பைப் பெற்றது. ‘ரேஞ்ச்ஸ்டார்ட்’, ‘ரேஞ்ச்எண்ட்’ என்ற இரண்டு பாராமீட்டர்களை, எழுத்து பிசகாமல் அதே பெயரில், தேதியும் நேரமும் சேர்ந்த வகையாக உருவாக்கி, அவற்றை ‘குவெரி’க்குள் எழுத்துச்சரமாக்கி வைத்துவிட்டால், இரண்டு ஆண்டுத் தரவை வைத்துக்கொள், கடைசி ஏழு நாளை மட்டும் புதுப்பி என்று திரையிலேயே சொல்லிவிடலாம். இணையச் சேவை தரவை நாள், மாதம், ஆண்டு என்ற பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, தேவையான பகுதிகளுக்கு மட்டும் அந்த இரண்டு பாராமீட்டர்களிலும் உரிய தேதிகளைத் தானே நிரப்பி ஏபிஐயை அழைக்கிறது. தேதியை நகர்த்தும் பொறுப்பு நம் நிரலிலிருந்து கருவிக்கே போய்விடுகிறது. தொடக்கத்தை உள்ளடக்கியும் முடிவை விலக்கியும் ஒரு வடிகட்டியைக் கூடவே எழுதிவிட வேண்டும். இல்லையேல் முடிவு நேரத்தையும் உள்ளடக்கும் ஏபிஐயில் நள்ளிரவுப் பதிவு இரண்டு பகுதிகளிலும் விழுந்து, கூட்டுத்தொகை இரட்டிக்கும். இந்தப் பாராமீட்டர்களும் யூடிசியிலேயே இயங்குகின்றன. ஒரு காலத்தில் பிரீமியம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இருந்த இந்த வசதி 2020இல் புரோ உரிமத்துக்கும் வந்தது. சிறு நிறுவனங்களுக்கு அது பெரிய நன்மை.

தேதியை வேறொரு எக்செல் தாளிலிருந்து எடுத்து ஏபிஐக்கு அனுப்ப நினைப்பவர்கள் ‘ஃபார்முலா ஃபயர்வால்’ என்ற சுவரில் மோதுவார்கள். ஒரு மூலத்தின் தரவு இன்னொரு மூலத்துக்குக் கசியக்கூடாது என்ற பாதுகாப்பு அது. இரண்டு மூலங்களுக்கும் ஒரே தனியுரிமை நிலையைக் கொடுத்து, இரண்டையும் ஒரே குவெரிக்குள் எழுதினால் பெரும்பாலும் வழி விடும். அந்தப் பிழைச் செய்தியின் வாசகம் மட்டும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.

மாற்றுக் கருவிகளோடு ஒப்பிட்டால், இந்த ஒரு காரியத்தில் கிராஃபனா தெளிவாக முன்னால் நிற்கிறது. டேஷ்போர்டின் மேல் மூலையில் பயனர் தேர்ந்தெடுக்கும் கால வரம்பு, இரண்டு ஆயத்த மாறிகளாக யூஆர்எல்லுக்குள் நேரே வந்து அமர்கிறது. இன்ஃபினிட்டி என்ற செருகுநிரலைப் பயன்படுத்தினால் ஜேசான் (பரவலான ஒரு தரவு வடிவம்) தரும் எந்த ஏபிஐக்கும் அதை அனுப்பலாம். சாதாரணமாக 1970இலிருந்து எண்ணிய மில்லிநொடிகளாக வரும் மதிப்பை, மாறியின் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்தே வேண்டிய தேதி வடிவுக்கு மாற்றலாம். ‘நவ்’ கழித்தல் ஒரு நாள், சாய்கோடு நாள் என்று கால வரம்பின் இரு முனையிலும் எழுதினால் நேற்றைய முழு நாள் என்று அது புரிந்துகொள்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு: ஐஎஸ்ஓ வடிவில் கேட்டால் யூடிசி, நாமே வடிவம் எழுதிக் கேட்டால் உலாவியின் நேரம். கிராஃபனா கண்காணிப்புக்காகப் பிறந்தது. கணக்குப்பிள்ளை கேட்கும் மாதாந்திரப் பட்டியலை அதில் எடுப்பது எளிதல்ல என்பதால் நான் அதற்கு மாறவில்லை.

கூகுள் ஷீட்ஸில் ‘இம்போர்ட்டேட்டா’ சூத்திரத்துக்குள் ‘டுடே’ கழித்தல் ஒன்று என்று எழுதி முடித்துவிடலாம். கோப்பின் அமைப்பில் நேர மண்டலத்தை ஒரு முறை இந்தியா என்று வைத்தால் அந்தத் தேதி அதன்படியே நடக்கும். ஒரு ஏபிஐ, ஒரு பட்டியல், பார்ப்பவர் இரண்டு பேர் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் யூஆர்எல்லை மட்டுமே வாங்கும். சாவியைக் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடரில்) வைத்து அனுப்பும்படி கேட்கும் ஏபிஐக்கு அது போதாது, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதியாக வேண்டும். கூகுளின் அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டுடியோவில், அதன் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு எழுதும் கேள்வியில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் ஆயத்தப் பாராமீட்டர்களாகக் கிடைக்கின்றன. அவை சிறுகோடு இல்லாத எட்டு இலக்கங்களாக வரும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

விலையைப் பொறுத்தவரை, பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். அறிக்கையைப் பிறரோடு பகிரப் புரோ உரிமம் வேண்டும். அது 2025 ஏப்ரல் முதல் ஒரு பயனருக்கு மாதம் 14 டாலர். அதற்கு முன் 10 டாலராக இருந்தது. புரோவில் ஒரு நாளைக்கு எட்டு முறை தானாகப் புதுப்பிக்கலாம், பிரீமியத்தில் நாற்பத்தெட்டு முறை. எங்களுக்கு மூன்றே முறை போதும். எம் மொழியில் நான்கைந்து வரி எழுதத் தயங்காதவர்களுக்கு பவர் குவெரியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன், ‘வெப்.கன்டென்ட்ஸ்’ போல ஒழுங்காக யூஆர்எல் கட்டும் செயற்கூற்றை வேறு அறிக்கைக் கருவிகளில் நான் காணவில்லை. திரையைச் சொடுக்கியே எல்லாம் முடிய வேண்டும் என்பவர்கள், நகரும் தேதி விஷயத்தில் இதை நம்பி இறங்க வேண்டாம். இணைப்புத் திரையில் பாராமீட்டருக்குப் பக்கத்திலேயே ‘நேற்று’ என்ற ஒரு தேர்வையும், அதன் அருகே நேர மண்டலத்துக்கு ஒரு பட்டியலையும் மைக்ரோசாஃப்ட் வைத்துவிட்டால், மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

சலான் புத்தகச் சம்பவத்துக்குப் பிறகு என் எல்லா அறிக்கைகளிலும் ஒரு சிறு பெட்டியைச் சேர்த்திருக்கிறேன். ஏபிஐக்கு அனுப்பப்பட்ட தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, கேட்கப்பட்ட நேரம் மூன்றும், அனுப்பிய அதே எழுத்துச்சரங்களாகவே, பக்கத்தின் வலது மேல் மூலையில் அச்சாகின்றன. டிஸ்பாட்ச் மேற்பார்வையாளர் இப்போதெல்லாம் எண்களைப் பார்ப்பதற்கு முன் அந்த மூலையைத்தான் பார்க்கிறார்.